மாவ்பி மடல்: "தமிழ் படிச்சா எங்க போறது?"



 மாவ்பியில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. மார்ச் முதல் மே முடிய உள்ள இந்த விடுமுறைதான் எங்கள் பக்கத்தில் தமிழ் வகுப்புக்குக் கிடைக்கும் ஒரே காலம். இம்மாத மடலில் அந்த வகுப்புக்காக நான் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதில் நான் செய்த தவற்றையும் மறைக்கப் போவதில்லை. உங்கள் ஊரிலும், உங்கள் முகாமிலும் இதே வேலையை யாரோ ஒருவர் தலையில் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு உதவட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவ்பி, யங்கோனுக்கு வடக்கே பியே நகரத்துக்குப் போகும் சாலையிலும் இரயில் பாதையிலும் இருக்கும் ஊர். அந்தப் பாதை 1877-இல் திறக்கப்பட்டது. பர்மாவின் முதல் இரயில் பாதை அதுதான். வயல் வேலைக்கும் இரயில் வேலைக்கும் வந்த நம்மவர்கள் இந்தப் பாதையை ஒட்டித்தான் பரவினார்கள். 1942-இல் காடு மலை கடந்து நடந்தே போனவர்கள் போக, 1964-இல் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறியவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் எங்கள் வகுப்புக்கு வரவேண்டியவர்கள். 1965-66-இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபின் தமிழ் சொல்லித் தரும் இடம் என்றால் கோயில் மண்டபம், மாதாகோயில் கூடம், இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டு முன்கட்டு.

போன வருடம் வகுப்புக்கு ஆள் சேர்க்கப் பிரசுரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட செம்மொழி" என்று தொடங்கினேன். "தாய்மொழி மறந்தவன் தாயை மறந்தவன்" என்று நடுவில் ஒரு குத்து. "தமிழ் படித்தால் அறிவு கூர்மையாகும், எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் உயரும்" என்று முடித்தேன். இருநூறு பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தோம். முதல் நாள் வந்தவர்கள் பதினொரு பிள்ளைகள். அதில் நான்கு பேர் வகுப்பெடுக்கும் சயாமாவின் உறவுக்காரப் பிள்ளைகள்.

வராத வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். ஒரு தாயார் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு நேராகவே கேட்டார்:

"ஐயா, நீங்க பெரியவங்க, கோவிச்சுக்காதீங்க. கொரியா பாஷை படிச்சா மகன் கொரியாவுக்குப் போவான். ஜப்பான் பாஷை படிச்சா ஜப்பானுக்குப் போவான். தமிழ் படிச்சா எங்க போறது?"

அவர் கேட்டது நியாயம். 2024-இல் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் வயது வந்த பிள்ளை இருக்கும் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. விடுமுறையில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தையும் காசையும் எதில் போடுவது என்று கணக்குப் பார்க்கும் தாயிடம் ஈராயிரம் ஆண்டுப் பெருமையை நீட்டினால் அவர் என்ன செய்வார்? தாயை மறந்தவன் என்ற வரி அவரைப் புண்படுத்தியும் இருந்தது. "என் பிள்ளை என்னை மறக்கலியே ஐயா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து என் தங்கை மகள் தொலைபேசியில் பேசினாள். அகதியாக மலேசியாவில் சில வருடம் இருந்து, பிறகு அங்கே போய்க் குடியேறிய குடும்பம். அவர்கள் போகும் சபையைச் சேர்ந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்களாம். மகனை அங்கே சேர்க்கச் சொல்லி ஒரு பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள்.

"மாமா, அங்க மூணாம் வகுப்புலயே இலத்தீன் சொல்லித் தராங்களாம். அது செத்துப்போன பாஷைதானே? அதுக்குப் பணம் கட்டணுமா?" என்றாள்.

ஒரே வாரத்தில் இரண்டு தாய்மார், ஒரே கேள்வி. அந்தப் பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாங்கிப் பார்த்தால், அப்படியே என் பிரசுரம்! மேற்கத்திய நாகரிகத்தின் பெருமை ஒரு பத்தி. மூளை கூர்மையாகும் என்று ஒரு பத்தி. கல்லூரி நுழைவுத் தேர்வில் மதிப்பெண் உயரும் என்று ஒரு பத்தி. தமிழ் இருந்த இடத்தில் இலத்தீன் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1947-இல் இங்கிலாந்தில் டோரதி சேயர்ஸ் என்ற அம்மையார் ஆக்ஸ்போர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர். கல்விக்கு மிகச் சிறந்த அடித்தளம் இலத்தீன் இலக்கணமே என்று அந்த உரையில் வாதாடினார். அதைப் பிடித்துக்கொண்டு 1981-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மாஸ்கோ என்ற சிறு நகரத்தில், லோகோஸ் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அந்த வழியில் நூற்றுக்கணக்கான கிறிஸ்தவப் பள்ளிகள் அங்கே நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் என்னுடைய சங்கடம்தான். யாரும் வீட்டில் பேசாத மொழிக்கு ஏன் பணம் கட்டவேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு என்று தேடிப் படித்தேன். ஆங்கிலச் சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ இலத்தீனிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் மூளை கூர்மையாகும் என்பது? 1924-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து முடிவை வெளியிட்டார். இலத்தீன் படித்ததால் பொதுவான சிந்தனைத் திறன் தனியாக உயர்ந்ததாக அவர் காணவில்லை. ஏற்கெனவே கெட்டிக்காரப் பிள்ளைகள் இலத்தீன் பக்கம் போகிறார்கள்; அவர்கள் மதிப்பெண் வாங்கினால் புகழ் இலத்தீனுக்குப் போய்விடுகிறது. 2003-இல் ஜெர்மனியில் ஹாக், ஷ்டெர்ன் என்ற இருவர் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளியில் இலத்தீன் படித்தவர்களுக்கும் பிரெஞ்சு படித்தவர்களுக்கும் பிறகு ஸ்பானிய மொழி கற்பித்துப் பார்த்தார்கள். பிழை குறைவாக எழுதியவர்கள் பிரெஞ்சு படித்தவர்கள்தான். ஆக, ஸ்பானிஷ் வேண்டுமென்றால் ஸ்பானிஷ் படிக்கலாம், அதற்கு இலத்தீன் சுற்றுவழி.

இதைப் படித்தபோது எனக்கே உறைத்தது. தமிழ் படித்தால் எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் உயரும் என்று நான் எழுதினேனே, எந்த ஆதாரத்தில் எழுதினேன்? ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆள் சேரவேண்டும் என்ற ஆசையில் எழுதினேன்.

அப்படியானால் இலத்தீனுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, உறவுகளே. நமக்கே அதில் கடன் உண்டு. தமிழுக்கு சீகன்பால்கு எழுதிய இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அது இலத்தீனில் எழுதிய நூல். வீரமாமுனிவரின் பேச்சுத் தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது, அதுவும் இலத்தீன். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் பெயர்த்ததும் இலத்தீனில்தான். நாங்கள் வாழும் இந்த மண்ணின் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிய எழுத்துகளை உலகுக்கு அறிமுகப்படுத்திய பழைய அச்சு நூல் 1776-இல் உரோமாபுரியில் வெளிவந்தது. அதன் விளக்கங்கள் இலத்தீன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் எப்படிப் பேசினார்கள் என்று அறிய விரும்புகிறவன் வீரமாமுனிவரை மூலத்தில் படிக்க இலத்தீன் வேண்டும். இது பொய்யில்லாத பயன். ஆனால் எல்லோருக்கும் வேண்டிய பயன் அல்ல.

இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு நன்கு தெரிந்த ஓர் ஊர் எனக்கு வழி காட்டியது. வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனார் அங்கே ஓர் உயர்கல்விச் சாலை நடத்தினார்கள். 1823-இல் அதற்கு நிதி திரட்டுவதற்காக ஒரு திட்ட அறிக்கையை அச்சிட்டார்கள். இன்றைய பேச்சில் சொன்னால் அதுவும் ஒரு பிரசுரம்தான். அதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. எல்லா மொழியும் எல்லோருக்கும் என்று அவர்கள் மொத்தமாகச் சொல்லவில்லை. நம்பிக்கை தரும் இளைஞர்களுக்கு ஆங்கிலம். தமிழ் இலக்கியத்தைப் பேணி வளர்ப்பது இன்னொரு நோக்கம். தெரிந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதம். மிகச் சிலருக்கு எபிரேயமும், அதனோடு சேர்த்துத் தேவைப்படும் இடத்தில் இலத்தீனும் கிரேக்கமும். எந்த மொழி, யாருக்கு, எதற்கு என்று பிரித்து வைத்தார்கள். இலத்தீன் பட்டியலில் இருந்தது; ஆனால் அதை வாசலில் கட்டித் தொங்கவிடவில்லை.

அந்தக் கதையில் எச்சரிக்கையும் இருக்கிறது. மிஷனார் ஆங்கிலத்தை அறிவுக்கும் சமயத்துக்கும் என்று வைத்தார்கள். ஊரார் அதை அரசாங்க உத்தியோகத்துக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில், நம் பணத்தில் குமாஸ்தாக்கள் உருவாகிறார்கள் என்று அமெரிக்காவில் இருந்த தலைமைச் சங்கத்துக்கு மனக்குறை. தாய்மொழிவழிக் கல்வியே போதும் என்ற கொள்கையும் சேர்ந்துகொண்டது. 1855-இல் அந்தச் சாலை மூடப்பட்டது. கொடுக்கிறவர் மனதில் ஒன்றும் வாங்குகிறவர் மனதில் வேறொன்றும் இருந்தால் நல்ல பள்ளிக்கூடமும் நிலைக்காது.

ஆனாலும் அங்கே படித்த ஒருவரை நினையுங்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். உத்தியோகம் பார்த்தார், உயர்ந்தார். ஊரார் எதிர்பார்த்தது நடந்தது. அதோடு நின்றிருந்தால் அவர் பெயரை இன்று நாம் சொல்லமாட்டோம். செல்லரித்த ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடி எடுத்து, 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1885-இல் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். வட்டுக்கோட்டையில் மொழி படித்தது பல வருடம் கழித்துக் கலித்தொகையாக வெளிவரும் என்று எந்தப் பிரசுரத்தில் எழுத முடியும்? எழுத முடியாது. எழுதினாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். அப்படி ஒருவர் உருவாகும் இடத்தைத் திறந்து வைத்திருக்கலாம், அவ்வளவே.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பாடமும் கண்ணெதிரே இருக்கிறது. பர்மிய மொழியில் பள்ளிக்கூடத்துக்கும் புத்த மடத்துக்கும் ஒரே சொல்: சௌங். மடத்தில் பையன்கள் பாலி மொழியில் ஓதுகிறார்கள். பாலி யாருடைய வீட்டிலும் பேசும் மொழி இல்லை. பாலி படித்தால் எங்கே போவது என்று ஒரு பர்மியத் தாயும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன் தெரியுமா? வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் பிக்குமார் வந்து அந்த மொழியில்தான் ஓதுகிறார்கள். மொழி தினமும் வேலை செய்வதை ஊரே பார்க்கிறது. நாங்களோ கோயில் திருவிழாவுக்குப் பாடும் பாட்டையே பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறோம். கல்யாணப் பத்திரிகையில் தமிழ் ஓர் ஓரத்தில் அலங்காரமாக நிற்கிறது. வேலை கொடுக்காத மொழிக்கு ஆள் சேர்க்கப் போனால் யார் வருவார்கள்?

தமிழும் இலத்தீனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கானவர்கள் தமிழில் கடை நடத்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள், தாலாட்டுகிறார்கள். ஆனால் மாவ்பியில் பர்மிய மொழியிலேயே கனவு காணும் ஒரு பிள்ளைக்குத் தமிழ், இலத்தீன் இருக்கும் இடத்துக்குப் பாதி வழி போய்விட்டது. அதை ஒத்துக்கொண்டுதான் பேசவேண்டும்.

இந்த வருடம் பிரசுரத்தை மாற்றி எழுதினோம். நான் எழுதினேன், சயாமா அடித்துத் திருத்தினார். பெற்றோரில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் பர்மியம். போன வருடம் எனக்கு இந்த யோசனையே வரவில்லை பாருங்கள்! தமிழ் தெரியாதவர்களைத் தமிழ் படிக்க வரும்படி தமிழில் எழுதி அழைத்திருக்கிறேன். புதிய பிரசுரம் இதுதான்:

"இந்த வகுப்பில் சேர்ந்தால் வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கொரிய மொழி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அதை விடவேண்டாம். எங்கள் வகுப்பு காலை ஏழு முதல் எட்டரை வரை மட்டும்.

முதல் விடுமுறை முடியும்போது: உங்கள் பிள்ளை தன் பெயரையும் உங்கள் பெயரையும் தமிழில் எழுதும். எழுத்துக் கூட்டிப் படிக்கும். இந்தியாவிலோ மலேசியாவிலோ உள்ள உறவினரிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசும்.

இரண்டாம் விடுமுறை முடியும்போது: வீட்டில் உள்ள பழைய கடிதங்களைத் தாத்தா பாட்டிக்குப் படித்துக் காட்டும். கல்யாணப் பத்திரிகை படிக்கும்.

அதற்கு மேல் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்: ஆத்திசூடி, திருக்குறள், பொருளோடு. இன்னும் ஆழமாகப் போக ஒரே ஒரு பிள்ளை விரும்பினாலும் சொல்லித் தருவோம்.

சொன்னபடி நடந்ததா என்று விடுமுறை முடிவில் நீங்களே வந்து கேட்டுப் பாருங்கள்."

அந்தக் கடிதம் பற்றிய வரியைச் சயாமாதான் சேர்த்தார். எத்தனை வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கடிதங்கள் கிடக்கின்றன! 1964-க்குப் பிறகு அக்கரை போன அண்ணன் எழுதியது, அக்காள் எழுதியது. எழுதியவரும் இல்லை, படிக்கத் தெரிந்தவரும் இல்லை. போன வருடம் என்னிடம் அந்தக் கேள்வி கேட்ட தாயாரின் வீட்டிலும் அப்படி ஒரு கட்டு இருந்தது. அவருடைய மாமனாருக்கு வந்தவை. அவர் கடைசி மகளை மட்டும் அனுப்பியிருக்கிறார். மகன் கொரிய மொழி வகுப்புக்குத்தான் போகிறான். போகட்டும், அதுவும் அந்தக் குடும்பத்துக்குத் தேவைதான். இந்த வருடம் முதல் நாள் வந்தவர்கள் இருபத்தாறு பேர். பெரிய கூட்டம் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது வாரமும் இருபத்து நான்கு பேர் வந்தார்கள் என்பதுதான் எனக்கு நிம்மதி.

தங்கை மகளுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். சேர், சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். இரண்டு வருடம் இலத்தீன் படித்த பிள்ளை எதைப் படிக்க முடியும், ஒரு பக்கம் எடுத்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வேறு எந்தப் பாடம் படிக்கிறார்கள்? இதற்கு நேராகப் பதில் சொன்னால் அந்தப் பள்ளியை நம்பலாம். மூளை, நாகரிகம் என்று சுற்றி வளைத்தால் இன்னும் கொஞ்சம் யோசி என்றேன்.

போய்க் கேட்டிருக்கிறாள். முதல் கேள்விக்கு ஆசிரியை ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையை அழைத்துப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லவைத்தாராம். அந்தப் பிரசுரத்தைவிட அந்தப் பிள்ளை நன்றாகப் புரியவைத்தது என்றாள். மற்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் திருப்தியாக இல்லையாம். இன்னும் முடிவு செய்யவில்லை.

"சரி மாமா, இலத்தீன் கிடக்கட்டும். இவனுக்குத் தமிழ் யார் சொல்லித் தருவாங்க?" என்று கடைசியில் கேட்டாள். ஞாயிறு காலை எங்கள் நேரத்துக்குத் தொலைபேசியில் வரச் சொல்லியிருக்கிறேன். மின்சாரம் இருந்தால் நடக்கும்.

உறவுகளே, உங்கள் ஊர்த் தமிழ் வகுப்புக்குப் பிரசுரம் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் இந்த மடலைக் கொடுங்கள். நீங்கள் எழுதிய பிரசுரம் ஏதாவது ஆள் சேர்த்திருந்தால், அல்லது என்னுடையது போல் தோற்றிருந்தால், அதன் ஒரு பிரதியை ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள். படித்துக் கற்றுக்கொள்கிறேன். கூடவே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.